கணக்குத் தொழிலும் கூட்டு முயற்சியும்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணக்குத் தொழிலைக் குறித்து இச்சபையிற் சில வார்த்தைகள் கூறவேண்டுமென்று நமது காரியதரிசியவர்கள் பணித்தார்கள். கருணீகர் கூடிய சபையிலே கணக்கைப் பற்றிப் பேசப் புகுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும், நம் முன்னோர் எழுதிய கணக்கு வேறு. இன்று நம் பிள்ளைகள் எழுதிப் பிழைக்கவேண்டிய கணக்கு வேறு. அவ்விரண்டுக்கும் நடுவே ஒரேயொரு பாலம் உண்டென்பது என் எண்ணம். அதனைக் காட்டவும், இன்று மாலை தாங்கள் தீர்மானிக்கவிருக்கும் மாணவர் விடுதி நிதிக் கணக்கைப் பற்றி என் கருத்தைத் தெரிவிக்கவுமே யான் எழுந்து நிற்கிறேன்.

கர்ணமென்றும் கணக்குப்பிள்ளையென்றும் பெயர் பூண்டு நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கிராமக் கணக்கை வகித்தார்கள். எந்தப் புலத்தில் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் சாகுபடி, எது தரிசு என்பதை அடங்கலிலும், எவர் பேரில் எவ்வளவு நிலம் என்பதைச் சிட்டாவிலும் எழுதி வைத்தார்கள். 1895ஆம் ஆண்டின் மூன்றாவது சென்னைச் சட்டம் இவ்வுத்தியோகத்தைப் பரம்பரை உரிமையாகவே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால், பிறப்பினால் உத்தியோகம் என்பது அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவுக்கு முரணென்று 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆந்திர தேசத்து வழக்கொன்றிலே தீர்ப்புரைத்தது. பின்னர் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அவர்களின் அரசாங்கம் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை அவசரச் சட்டத்தின் மூலம் ஒழித்தது. 1982ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்திற்று. அவ்விடத்தில் இன்று தேர்வெழுதி வருகின்ற கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார்.

இந்த மாறுதலால் நம்மிற் பல குடும்பங்கள் துன்புற்றன என்பதை மறுப்பவன் அல்லேன். எனினும், தகுதியுடைய எவரும் வரக்கூடிய பதவியை ஒரு குலத்தார் மட்டும் பிறப்புரிமையாகக் கொண்டிருந்தது நீதியன்று. இதைக் கேட்டு முகஞ் சுளிப்போர் இங்கே இருக்கக்கூடும்; இருப்பினும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் நம் கூட்டங்களில் அப்பழைய பெருமையையே பேசிக்கொண்டிருப்பது, நொடித்துப் போனவன் பழங்கணக்கைப் புரட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமானம்.

பழமையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அதன் பெயர் ஜமாபந்தி. கர்ணம் எவ்வளவு கெட்டிக்காரராயினும், ஊரில் எவ்வளவு செல்வாக்குடையவராயினும், ஆண்டுக்கொருமுறை கணக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு ஜமாபந்தி அதிகாரியின் முன்னே போய் நின்றே தீரவேண்டும். கலெக்டரோ அவரைச் சார்ந்த அதிகாரியோ ஏடுகளைப் புரட்டி, வினாவெழுப்பி, பிழையைத் திருத்திக் கையொப்பமிட்ட பின்னரே அவ்வாண்டுக் கணக்கு முடிந்ததாகும். எழுதியவரே தாம் எழுதியதைச் சரியென்று தீர்த்துக்கொண்டதில்லை. யான் சொன்ன பாலம் இதுவே. இதனை மறவாதிருக்கும்படி வேண்டி மேற்செல்கிறேன்.

இக்காலத்துக் கணக்கெழுதும் தொழில் யாதென்று சில தாய்மார்கள் என்னைக் கேட்டதுண்டு. பெரிய கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்வது பட்டயக் கணக்காளர் வேலை. அதற்குக் கடினமான தேர்வுகளும் பயிற்சியும் வேண்டும். 1949ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் பெயர் பதிவாகியிருக்கவும் வேண்டும். அதற்குக் கீழே விரிந்து கிடக்கிறது வேறொரு வேலை. மளிகைக் கடை, இரும்புக் கடை, உணவு விடுதி, லாரி ஓட்டுபவர், சிறு நெசவுக்கூடம் ஆகிய இவர்களுக்கெல்லாம் நாள்வழியும் பேரேடும் எழுதி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, வரித் தாக்கல்களைத் தயாரித்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுக் கொடுக்கும் வேலை. பட்டதாரியான ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இரண்டு மேசையும் ஒரு கணினியும் கொண்டு இதனைத் தொடங்கலாம்.

இதன் தேவை குறையவில்லை, பெருகியே வந்திருக்கிறது. 2007 ஜனவரி 1ஆம் தேதி தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தபோது, கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்தாத வியாபாரிக்கு வரிக் கழிவு இல்லையென்றாயிற்று. 2017 ஜூலை 1ஆம் தேதி முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் நிலைமை இன்னும் இறுகியது. மாதந்தோறும் தாக்கல் செய்கின்ற வியாபாரி தம் விற்பனையை மறுமாதம் 11ஆம் தேதிக்குள் பதிந்தாலன்றி, அவரிடம் சரக்கு வாங்கியவருக்கு உரிய காலத்தில் வரிக் கழிவு கிட்டுவதில்லை. ஒருவர் கணக்கு உறங்கினால் மற்றொருவர் பணம் முடங்குகிறது. ஆகவே, முன்பு கணக்கை ஆண்டுக்கொருமுறை நினைத்த கடைக்காரர் இப்போது மாதத்துக்கு இரண்டுமுறை நினைக்கிறார். (ஜூலை முதல் தேதியென்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் பசலி ஆண்டு பிறப்பதும் அன்றே. பட்டயக் கணக்காளர் கழகம் 1949இல் நிறுவப்பெற்றதும் அன்றே. இவ்வரி பிறந்ததும் அன்றே. பசலி 1427 பிறந்த அன்று எங்கள் அலுவலகத்தில் இரவு பதினொரு மணிவரை விளக்கு எரிந்தது.)

எங்கள் அலுவலகமென்று சொல்லிவிட்டபடியால் அதனைப்பற்றியும் சுருக்கமாகக் கூறுதல் தகும். முப்பதாண்டுகளுக்கு முன்னர், ஒரு தாலுகாத் தலைநகரில், வாடகைத் திண்ணையொன்றில் தொடங்கியது அது. முதலில் வந்தவை ஏழு கடைகள். அவற்றுள் நம்மவர் கடைகள் இரண்டே. மற்றவை பிறருடையவை. ஒரு பழைய இரும்பு வியாபாரி, இஸ்லாமியப் பெரியவர், தம் பில்கட்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொட்டினார். பதினைந்து நாளில் அவற்றை ஒழுங்குபடுத்திப் பேரேட்டில் ஏற்றி, அவருக்கு வரவேண்டிய பாக்கிகளின் ஜாபிதா ஒன்றையும் கொடுத்தோம். அவர் மறந்தே போயிருந்த இரண்டு பாக்கிகள் அதில் இருந்தன. அந்த ஒரு ஜாபிதாவினால் அவருடைய கடைத்தெரு முழுவதும் எங்களிடம் வந்துசேர்ந்தது. குலத்தாரின் ஆதரவு ஓர் இளைஞருக்கு முதற்படியாகலாம்; ஏணி முழுவதும் அதுவே ஆகாது. நம்மவர் கணக்கை மட்டுமே நம்பித் தொடங்கிய சிலரை அறிவேன். அவர்கள் தொடங்கிய அளவிலேயே நின்றார்கள்.

இனிக் கூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். தனியாளாகத் தொழில் நடத்துபவருக்குக் காய்ச்சல் வந்தால் அறுபது கடைகளின் தாக்கல் நின்றுபோகும். அவர் வீட்டில் ஒரு கலியாணம் நடந்தால் அபராதம் வேறொருவர் தலையில் விழும். ஆகையால் இத்தொழிலுக்குக் கூட்டாளி அவசியம். கூட்டாளி வேறு, பங்காளி வேறு என்பதைத் தமிழறிந்த தங்களுக்கு யான் விளக்க வேண்டுவதில்லை. பங்காளி பிறப்பினால் வருபவர். அவரோடு சொத்தைப் பிரிப்பதே நமக்குப் பழக்கம். கூட்டாளியோ நாமே தேடிக்கொள்பவர். அவரோடு சேர்த்து வைக்கப் பழகவேண்டும். நம் இளைஞர் செய்யும் தவறு யாதெனில், சித்தப்பா பிள்ளையையோ மைத்துனனையோ கூட்டுச் சேர்த்துக்கொண்டு, உறவுக்குள் எழுத்து எதற்கு என்று இருந்துவிடுவதே. ஊரார் கணக்கையெல்லாம் எழுதுகின்றவர்கள் தங்களுக்குள்ளே ஒரு வரியும் எழுதிக்கொள்ளாதது வேடிக்கையன்றோ!

எழுதிக்கொள்ளாத இடத்தைச் சட்டம் தானே நிரப்பிவிடும். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்ன சொல்கிறதென்று கேளுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லையேல், ஒருவர் காலைமுதல் இரவுவரை உழைத்தாலும், மற்றவர் மாதத்துக்கொருநாள் தலைகாட்டினாலும், லாப நஷ்டம் இருவருக்கும் சமமே. உழைத்தவர் தனிச் சம்பளம் கோர முடியாது. ஒருவர் காலஞ்சென்றால் அன்றே கூட்டுக் கலைந்துபோகும். பதிவு செய்துகொள்ளாத கூட்டு, தனக்குச் சேரவேண்டிய கட்டணத்துக்காகப் பிறர்மீது வழக்குத் தொடர இயலாது. இவையெல்லாம் இருக்கட்டும், இவற்றினும் கடுமையானது 25ஆவது பிரிவு. கூட்டின் தொழிலில் ஒரு கூட்டாளி செய்த காரியத்துக்கு மற்றவர்கள் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள்.

இதன் பொருளை விளக்க ஒரு செய்தி சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டா. ஓர் அலுவலகத்தில் இரு கூட்டாளிகள். கடைக்காரர்களுடைய வரிப் பணத்தை ரொக்கமாக வாங்கிக் கட்டிவிடுவது அவர்களிடையே வழக்கமாக இருந்தது. ஒருவர் தம் வீட்டுக் கஷ்டத்தின் பொருட்டு அப்பணத்தைச் சில மாதம் புரட்டினார். அரசாங்க நோட்டீசு வந்தபோது அவர் ஊரில் இல்லை. யாதும் அறியாத மற்றவர் தம் மனைவியின் நகைகளை விற்றுக் கடைக்காரர்களுக்குப் பணம் கட்டினார். நாணயமானவர்தாம், ஆனால் அத்தொழிலில் பின்னர் அவர் இல்லை. இக்காரணத்தினால் எங்கள் ஒப்பந்தப் பத்திரத்தின் முதல் விதி, எவருடைய வரிப் பணமும் எங்கள் கையைத் தொடலாகாது என்பதாகும். சலானை நாங்கள் தயாரிப்போம். பணத்தை வியாபாரி தம் வங்கிக் கணக்கிலிருந்து தாமே செலுத்தவேண்டும். தொடக்கத்தில் இதனால் சிலர் எங்களை விட்டுப் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

மேலும், ஒவ்வொருவர் பங்கு, மாதந்தோறும் எடுத்துக்கொள்ளும் தொகை, ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் எஞ்சியோர் தொழிலைத் தொடரும் முறை, அவர் குடும்பத்துக்குச் சேரவேண்டியதைக் கணக்கிடும் வழி, எந்தத் தொகைக்கு மேற்பட்ட கடனுக்கு எல்லாருடைய கையொப்பமும் வேண்டும் என்பன போன்றவற்றைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். பொறுப்பை வரையறுத்துக்கொள்ள விரும்புவோர் 2008ஆம் ஆண்டின் சட்டப்படி வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மையை அமைத்துக்கொள்ளலாம். செலவும் தாக்கல்களும் சற்று மிகுதி. மற்றொன்று: பட்டயக் கணக்காளர் ஒருவர் தம் தணிக்கைத் தொழிலின் வருவாயைப் பட்டயம் பெறாத கணக்கெழுத்தரோடு பங்கிட்டுக்கொள்வது அவர்தம் சட்டப்படி ஒழுங்கீனம். ஆகையால், நம்மில் ஒருவர் பட்டயம் பெற்றுவிட்டால் அவரை நம் சிறு கூட்டில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாமென்று கருதவேண்டா. அவர் கதவு வேறு. நம் கதவு வேறு. அப்படி இருப்பதே நன்மை. எழுதுபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர் என்னும் ஜமாபந்தி முறையல்லவா இது!

பெண்மக்கள் இத்தொழிலுக்கு ஏற்றவரா என்று இன்னும் கேட்போர் உளர். 1933ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஆர். சிவபோகம் என்னும் அம்மையார் கணக்கியல் தேர்வில் வென்று, இந்தியாவின் முதற் பெண் கணக்காளராயினார். அவர் சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். சி. எஸ். சாஸ்திரி என்னும் புகழ்பெற்ற தணிக்கையாளர் அவரைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டார். பின்னாளில் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்தியக் கிளைக்குத் தலைவியாகவும் விளங்கினார். வாய்ப்பளித்த ஒரு கதவு திறந்ததனால் நிகழ்ந்தது இது. எங்கள் அலுவலகத்திலும் இப்போது பேரேட்டை ஒப்பிட்டுக் கையெழுத்திடுபவர் ஒரு பெண் கூட்டாளியே. அவர் கண்ணுக்குத் தப்பிய பைசா இதுவரை இல்லை.

இனிக் கடல்கடந்த நாட்டுச் செய்தியொன்றைக் கூறத் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். விடுதி நிதி விஷயத்துக்கு அது மிகவும் பொருந்தும். அமெரிக்காவில் நார்வே நாட்டிலிருந்து குடியேறிய குடும்பமொன்றில் 1885ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஆர்தர் ஆண்டர்சன். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். 1913இல் டிலேனி என்பாரோடு கூட்டுச் சேர்ந்து சிக்காகோ நகரில் ஒரு சிறு கணக்குத் தணிக்கை ஸ்தாபனத்தை வாங்கி நடத்தினார். 1918இல் டிலேனி பிரிந்துகொண்டார். தொடக்க காலத்தில் ரயில்வே கம்பெனியொன்றின் தலைவர் வந்து, தம் இஷ்டப்படி கணக்கைச் சரியென்று ஒப்பமிடச் சொல்ல, நகரத்திலுள்ள பணம் அனைத்தையும் கொடுத்தாலும் இயலாதென்று ஆண்டர்சன் மறுத்துவிட்டாராம். அவ்வாடிக்கை போயிற்று, பெயர் நின்றது. தம் இனத்தாரின் வரலாற்றுக் கழகத்துக்கும் அவர் தலைமை தாங்கி உழைத்தார். 1947இல் அவர் மறைந்த பின்னரும் ஸ்தாபனம் வளர்ந்து, உலகெங்கும் சுமார் 85,000 பேர் வேலை செய்யும் பேரமைப்பாயிற்று.

அத்தகைய ஆலமரம் எவ்வாறு சாய்ந்தது? என்ரான் என்னும் கம்பெனிக்கு அவர்கள் தணிக்கையாளராகவும் இருந்தார்கள், ஆலோசகராகவும் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் மட்டும் தணிக்கைக்காக இரண்டரைக் கோடி டாலரும், பிற ஊழியங்களுக்காக 2 கோடியே 70 லட்சம் டாலரும் அக்கம்பெனியிடமிருந்து பெற்றார்கள். பார்ப்பதற்குக் கிடைத்த கூலியைவிடத் துணைநின்றதற்குக் கிடைத்த கூலி மிகுந்தது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலாயிற்று. காகிதங்களை அழித்த வழக்கில் 2002 ஜூனில் ஆண்டர்சன் ஸ்தாபனம் குற்றவாளியென்று தீர்ப்பாகி, அவ்வாண்டு ஆகஸ்டு முடிவில் தணிக்கைத் தொழிலையே விட்டு ஒதுங்கிற்று. 2005 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் தள்ளுபடியால் பயன்பெறுவதற்கு அலுவலகமே மிஞ்சவில்லை.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நமது மாணவர் விடுதி நிதியின் கணக்கை எங்கள் அலுவலகமே எழுதவேண்டும், எங்கள் நண்பரான தணிக்கையாளரைக் கொண்டே சரிபார்த்துவிட வேண்டும், இரண்டும் தருமமாகச் செய்யப்பட வேண்டும், யானே பொக்கிஷதாராகவும் இருக்கவேண்டும் என்று நிர்வாக சபையார் அன்போடு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். என்பால் வைத்த நம்பிக்கைக்குத் தலைவணங்குகிறேன். எனினும் தீர்மானத்தை இவ்வடிவில் ஏற்க எனக்குச் சம்மதமில்லை. இதனை முன்னரே சொன்னபோது மூத்தவர் ஒருவர், "எங்கள்மேல் சந்தேகமா?" என்று வருந்தினார். சந்தேகமன்று, ஐயா. நிதிக்குப் பணம் கொடுத்தவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்த விதவைத் தாயாராயிருந்தாலும், "யார் பார்த்தார்கள்?" என்று கேட்கும் உரிமை அவருக்குண்டு. "எழுதியவரே பார்த்தார், அவரே பெட்டிச் சாவியும் வைத்திருந்தார்" என்பது அவருக்கு விடையாகாது. பொதுப்பணத்தில் ஒரு காசும் தொடாதவர்கள் கூட, கணக்குக் காட்டாமையால் பழிசுமந்து போனதை நம் ஊர்க் கோயில் நிதிகளிலும் கலியாண மண்டப நிதிகளிலும் தாங்கள் கண்டதில்லையா?

தருமமாகச் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நம்மவர்தானே" என்ற சொல்லுக்கு அஞ்சாத சிறு தொழிற்காரர் இல்லை. நம்மவர்தானே என்று கட்டணம் கொடாதவர், நம்மவர்தானே என்று கணக்கைத் தாமதமாகவும் ஏற்றுக்கொள்கிறார். தாமதமான கணக்கைப் பிறகு ஒருவரும் பார்ப்பதுமில்லை. ஊருக்கு உழைப்பது கடமையென்பதில் எனக்கு மாறுபாடில்லை. கோடை விடுமுறையில் பத்தாவது, பன்னிரண்டாவது தேறிய பிள்ளைகளுக்கு நாள்வழி, பேரேடு, வங்கி ஒப்பீடு, டாலி ஆகியவற்றை ஆறு வாரம் கற்பிக்க எங்கள் கூட்டாளிகள் இசைந்திருக்கிறார்கள். எக்குலத்துப் பிள்ளைகள் வந்தாலும் இடமுண்டு, கட்டணமில்லை. தெருவோர வியாபாரிகளுக்கு வங்கிக் கடனுக்கான காகிதங்களை மாதத்துக்கொருநாள் எழுதிக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டோம். ஆனால் விடுதி நிதிக் கணக்கை எழுதுவதற்குச் சங்கம் எங்களுக்குச் சிறிதாயினும் கட்டணம் தரவேண்டும். அதற்கு நாங்கள் ரசீது தருவோம். பின்னர் எங்கள் விருப்பப்படி நிதிக்கு நன்கொடை அளித்தால், அதற்குச் சங்கம் ரசீது தரட்டும். இரண்டு ரசீதும் கணக்கில் ஏறவேண்டும்.

ஆகையால் தீர்மானத்தை இவ்வாறு திருத்தப் பிரேரேபிக்கிறேன். கணக்கை எழுதுவது எங்கள் அலுவலகம். பொக்கிஷதார் எங்கள் அலுவலகத்தோடு தொடர்பில்லாத வேறோர் அங்கத்தினர். தணிக்கையாளரை நிர்வாக சபையன்று, இப்பொதுக்கூட்டமே தேர்ந்தெடுக்கவேண்டும். அவர் நம் சங்கத்து அங்கத்தினராகவோ எங்களில் எவருக்கும் உறவினராகவோ இருத்தலாகாது. வங்கியிலிருந்து பணம் எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும். நிதியின் வரவு செலவு மூன்று மாதத்துக்கொருமுறை நம் மாத சஞ்சிகையில் ஒரு பக்கத்தில் வெளிவரவேண்டும். நன்கொடையாளர் எவரும் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஏடுகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

சென்ற ஆண்டின் நாள்வழி, பேரேடு, ரசீதுக் கட்டுகள், வங்கிப் புத்தகம் ஆகியவை மேடையின் இடப்புறத்து மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன் அரைமணி நேரம் சிற்றுண்டிக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். காபியைக் கையில் ஏந்தியவண்ணம் ஏடுகளைப் புரட்டவேண்டாமென்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி, எவரும் வந்து பார்க்கலாம்.